கியர் போட்டா வண்டி குதிக்குது, நியூட்ரல் சிக்க மாட்டேங்குது: கோளாறு வண்டியிலயா, கால்லயா?

#1 புதுவண்டி_சேலம்

அண்ணாக்களே, 125 சிசி வண்டி. 5 கியர், ஒண்ணு கீழே நாலு மேலே (முதல் கியருக்கு மிதிக்கணும், மத்த நாலுக்கும் தூக்கணும்). மீட்டர்ல 620 கி.மீ., முதல் சர்வீஸ் இன்னும் விடலை. இதுக்கு முன்னாடி பழகினது நாலு கியரும் முன்னால மிதிக்கிற 100 சிசி வண்டி.

அ) நின்ன இடத்துல முதல் கியர் போட்டா 'டொக்'னு சத்தம், வண்டி ஒரு சாண் முன்னால குதிக்குது. சில நேரம் அப்படியே ஆஃப்.
ஆ) ஒண்ணுல இருந்து ரெண்டுக்குத் தூக்கினா நியூட்ரல்ல போய் நிக்குது. முறுக்கினா வெறும் சத்தம்தான்.
இ) சிக்னல்ல நியூட்ரல் சிக்காது. ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டுன்னு ஆடிட்டே இருக்கும்போதே பச்சை விழுந்துடுது.
ஈ) கியர் குறைக்கும்போது ஆளை முன்னால தள்ளுது. பின் டயர் கீச்சுன்னு இழுக்குது.

புது வண்டி அப்படித்தான்னு மெக்கானிக் சொல்றார். கியர்பாக்ஸைப் பிரிக்கணுமா?

#2 பல்சக்கரம்

பிரிக்க வேண்டாம். 620 கி.மீ.யில் கியர்பாக்ஸ் தேய்வது அபூர்வம். நீங்கள் சொல்வதில் அ-வும் இ-யும் ஒரே நோய் மாதிரித் தெரிகிறது. ஆ வேறு, ஈ வேறு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் மருந்து கிடைக்காது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பைக் கியர்பாக்ஸில் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுற்றுகின்றன. கியர் போடும்போது பற்கள் புதிதாகக் கோத்துக்கொள்வதில்லை. சக்கரத்தின் பக்கவாட்டில் டாக் என்று சொல்லும் நாலைந்து கட்டைப் பற்கள் இருக்கும். அவை பக்கத்துச் சக்கரத்தில் உள்ள குழிகளில் நுழைவதுதான் 'கியர் விழுவது'. அந்தச் சக்கரத்தை இடம் வலமாகத் தள்ளுவது ஃபோர்க். ஃபோர்க்கை நகர்த்துவது வரிப்பள்ளம் வெட்டிய ஓர் உருளை, அதாவது ஷிஃப்ட் டிரம். நீங்கள் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் டிரம் ஒரே ஒரு படி சுற்றும். மிதி திரும்பி நடுவுக்கு வந்தால்தான் அடுத்த படிக்குப் பிடி கிடைக்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரிந்துவிடும். வண்டி நின்றிருக்கும்போது டாக் பல் குழிக்கு நேராக இல்லாமல் மேட்டுக்கு நேராக நின்றுவிட்டால், எவ்வளவு மிதித்தாலும் கியர் விழாது. உதைத்து உடைக்கக் கூடாது. வண்டியை ஓர் அடி முன்னும் பின்னும் உருட்டினால் போதும், அல்லது கிளட்சை ஒரு நூல் விட்டுப் பிடித்தால் போதும். உள்ளே சக்கரம் கொஞ்சம் திரும்பி வழி விடும். அடுத்த விஷயம்: நாலாவது கியரில் வந்து நின்றுவிட்டு 'டக் டக் டக்' என்று முதலுக்கு இறங்கப் பார்ப்பவர்கள் நடுவில் மாட்டிக்கொள்வதும் இதனால்தான். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே இறங்க வேண்டும்.

#3 ஸ்பானர்12

பல்சக்கரம் சொன்னது சரி. ஆனா தம்பி வண்டில நான் முதல்ல பார்க்கச் சொல்றது கிளட்ச் லீவர் ஃப்ரீ ப்ளே. புது வண்டில கேபிள் கொஞ்சம் நீண்டு உட்காரும். அதனாலதான் முதல் சர்வீஸ்ல அதை மறுபடி சரி பண்ணுவாங்க.

அளக்கிறது இப்படி. இன்ஜின் ஆஃப். ஹேண்டில் நேரா. லீவரோட நுனில, அந்த உருண்டை இருக்கிற இடத்துல ஸ்கேல் வை. விரலால மெதுவா இழு. எதிர்ப்பு ஆரம்பிக்கிற வரைக்கும் நுனி எவ்வளவு நகருதோ அதுதான் ஃப்ரீ ப்ளே. பெரும்பாலான கம்யூட்டர் வண்டிக்கு 10 முதல் 20 மி.மீ. உன் வண்டியோட கையேட்டுல வேற எண் இருந்தா அதுதான் சட்டம்.

அது அதிகமா இருந்தா லீவரைக் கைப்பிடி வரைக்கும் இழுத்தாலும் உள்ளே கிளட்ச் பிளேட் முழுசாப் பிரியாது. பாதி ஒட்டிக்கிட்டே இருக்கும். முதல் கியர் போட்டதும் குதிக்கிறது, நியூட்ரல் கிடைக்காதது, ரெண்டும் அதோட கை வேலை. இழுவிசை இருந்துட்டே இருந்தா டாக் பல் குழிக்குள்ள இறுகிக்கும், வெளிய வர மறுக்கும்.

இன்னொரு சோதனை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு இன்ஜினை 3 நிமிஷம் சூடு பண்ணு. லுங்கி, துப்பட்டா, ஷூ லேஸ் எதுவும் செயின் பக்கம் போகக் கூடாது. கிளட்ச் முழுசாப் பிடிச்சு முதல் கியர் போடு. பின் வீல் மெதுவாச் சுத்தும். பயப்படாதே, பிளேட்டுக்கு நடுவுல ஆயில் ஒட்டுறதால அது வழக்கம்தான். கிளட்சைப் பிடிச்சபடியே பின் பிரேக்கை லேசா மிதி. வீல் நிக்கணும், இன்ஜின் சத்தம் மாறக் கூடாது. இன்ஜின் திணறினாலோ ஆஃப் ஆனாலோ கிளட்ச் பிரியலைன்னு அர்த்தம்.

இன்னும் ஒண்ணு. 'அப்படியே ஆஃப்'னு சொன்னியே. குதிக்காம, சத்தமில்லாம, கியர் விழுந்த நொடியே ஆஃப் ஆனா சைடு ஸ்டாண்டைப் பாரு. இப்ப வர்ற நிறைய வண்டில ஸ்டாண்ட் இறங்கியிருந்தா நியூட்ரல்ல மட்டும்தான் இன்ஜின் ஓடும். கியர் போட்டதும் கரண்ட் கட். இதுக்காகவே ஸ்பார்க் பிளக்கை மாத்தினவங்க உண்டு.

#4 ராயபுரம்_ரைடர்

ஸ்டாண்ட் மேட்டர் நூத்துக்கு நூறு. ஸ்பிரிங்ல சேறு அப்பி ஸ்டாண்ட் முழுசா மடங்கலைன்னாலும் இதே கூத்துதான்.

ஆனா பாஸ், மத்ததெல்லாம் சிம்பிள். கியருக்கு ஸ்பீடு கணக்கு இருக்கு. 15ல ரெண்டு, 25ல மூணு, 35ல நாலு, 45ல அஞ்சு. குறைக்கும்போது அதே கணக்கைத் திருப்பிப் போடு. முடிஞ்சு போச்சு.

#5 பல்சக்கரம்

ராயபுரம், தட்டையான ரோட்டில் ஒருவர் மட்டும் போகும்போது உங்கள் கணக்கு சரி. பின்னால் ஆளும் டேங்க் மேல் அரிசி மூட்டையும் இருந்தால்? மேம்பாலம் ஏறினால்? அதே 35இல் நாலாவது போட்டால் வண்டி 'கடகட' என்று தலையாட்டும். புதியவர்கள் மீட்டரைப் பார்த்தே கியர் மாற்றுவதில் இன்னொரு கேடு, கண் ரோட்டில் இருக்காது.

காதுக்குத்தான் பழக்க வேண்டும். முறுக்கினால் வேகம் ஏறாமல் அதிர்வு மட்டும் ஏறினால் கியர் பெரிது, ஒன்று குறை. முறுக்காமலே இன்ஜின் கத்தி, கையை விட்டதும் வண்டி பின்னுக்கு இழுத்தால் கியர் சிறிது, ஒன்று ஏற்று. இன்ஜின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டர் இருந்தால் 125இல் சாதாரண ஓட்டத்துக்கு 4000 முதல் 5000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வாக்கில் ஏற்றலாம். உங்கள் வேகக் கணக்கை முதல் வாரத்துக்கு ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

#6 ராயபுரம்_ரைடர்

ஊன்றுகோல்னு ஒத்துக்கிட்டீங்கல்ல, அது போதும் 🙂

#7 புதுவண்டி_சேலம்

அளந்தேன். லீவர் நுனில 28 மி.மீ. சென்டர் ஸ்டாண்ட் சோதனைல பின் பிரேக் மிதிச்சதும் இன்ஜின் திணறுது, ஒருதரம் ஆஃப் ஆச்சு. சைடு ஸ்டாண்ட் சரியா மடங்குது.

#8 ஸ்பானர்12

பார்த்தியா, 28. அங்கேதான் இருக்கு உன் பாதிப் பிரச்சினை.

சரி பண்ணலாம். லீவர் கிட்ட கேபிள் நுழையுற இடத்துல ரப்பர் உறை இருக்கும், அதைப் பின்னால தள்ளு. உள்ளே ஒரு லாக் நட், ஒரு அட்ஜஸ்டர். லாக் நட்டை லூஸ் பண்ணு. கையாலேயே வரும், வரலைன்னா பிளையர்ல துணி சுத்திப் பிடி. அட்ஜஸ்டரை வெளிப்பக்கமாத் திருகினா கேபிள் இறுகும், ஃப்ரீ ப்ளே குறையும். அரைச் சுத்து, அளவு பாரு. மறுபடி அரைச் சுத்து. 15 மி.மீ. வந்ததும் நிறுத்தி லாக் நட்டை இறுக்கு.

இங்க ரெண்டு தப்பு நடக்கும். அட்ஜஸ்டர், லாக் நட், லீவர் பிராக்கெட் மூணுலயும் கேபிள் மாட்டுறதுக்கு வெட்டு இருக்கும். மூணு வெட்டும் ஒரே நேர்ல நின்னா மழைத் தண்ணி உள்ள இறங்கும், கேபிளும் நழுவி வெளிய வரலாம். வெட்டு ஒண்ணுக்கொண்ணு மாறி நிக்கிற மாதிரி முடி. அடுத்தது, அட்ஜஸ்டர் மரை பாதிக்கு மேல வெளிய வந்துட்டா அங்கே நிறுத்து. அதை முழுசா உள்ளே திருகிட்டு, இன்ஜின் பக்கம் கேபிள் முடியுற இடத்துல இருக்கிற ரெண்டு நட்டை வச்சு பெரிய அளவைச் சரி பண்ணு. அப்புறம் மேல வந்து நுணுக்கமா முடி.

கடைசியா ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி ஃப்ரீ ப்ளே பாரு. மாறினா கேபிள் எங்கேயோ மடங்கியிருக்கு, இல்லை டேங்குக்கு அடியில நெருக்குது.

ஒரேயடியா இறுக்கி ஃப்ரீ ப்ளே இல்லாமப் பண்ணிடாதே. லீவர் விறைப்பா நின்னா உள்ளே பிளேட் எப்பவும் பாதி பிரிஞ்ச நிலையில வழுக்கும். நாலாவது, அஞ்சாவது கியர்ல முறுக்கினா ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. அப்படியே ஓட்டினா கிளட்ச் பிளேட் கருகிப் போகும்.

#9 ஈரக்கிளட்ச்

ஒரு சேர்க்கை. இந்த வண்டிகளில் கிளட்ச் பிளேட் இன்ஜின் ஆயிலிலேயே முழுகிக் கிடக்கிறது. ஆகவே ஆயில் தப்பாகப் போனால் கியர் தப்பாக விழும்.

முதல் சர்வீஸில் என்ன ஊற்றுகிறார்கள் என்று கேளுங்கள். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று, ஈரக் கிளட்சுக்கு ஏற்ற ஆயிலின் தரக்குறி இருக்க வேண்டும். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கலாம். காருக்கு நல்லது, ஈரக் கிளட்சுக்கு ஆகாது, வழுக்கும். தடிமன் கையேட்டில் உள்ளபடிதான்: சில வண்டிக்கு 10டபிள்யூ-30, சிலதுக்கு 20டபிள்யூ-50. 10டபிள்யூ-30 கேட்கிற வண்டியில் '50 தான் கெட்டி, இன்ஜினுக்கு நல்லது' என்று ஊற்றினால் காலையில் குளிர்ந்த இன்ஜினில் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு முதல் கியர் இடி மாதிரி விழும்.

அளவும் முக்கியம். 100 முதல் 125 சிசிக்கு ஆயில் மாற்றும்போது பெரும்பாலும் 800 மி.லி.யிலிருந்து 1 லிட்டருக்குள் அடங்கிவிடும். டிப் ஸ்டிக்கிலோ, இன்ஜினில் ஆயில் தெரியும் கண்ணாடியிலோ இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும். வண்டி நேராக நிற்கும்போது பார்க்க வேண்டும், சைடு ஸ்டாண்டில் சாய்த்து அல்ல.

முதல் சர்வீஸைத் தள்ளிப் போடாதீர்கள். புதுப் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று உட்காரும்போது உதிரும் இரும்புத் தூள் அந்த முதல் ஆயிலில்தான் மிதக்கிறது. அதை வடித்த பிறகு கியர் விழுவது மென்மையாவதைக் காலே சொல்லும். மெக்கானிக் சொன்ன 'புது வண்டி அப்படித்தான்' என்பதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

காலையில் குளிர்ந்த வண்டிக்கு ஒரு வழி: ஸ்டார்ட் செய்யும் முன் இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி நாலடி முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஒட்டியிருந்த பிளேட் பிரிந்துவிடும். பிறகு நியூட்ரலுக்கு வந்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

#10 கொண்டைஊசி

ஈ-யை யாரும் தொடலைங்க. பின் டயர் இழுக்கிறதுதான் இருக்கிறதுலயே ஆபத்து, அதை விட்டுட்டு நியூட்ரலைப் பத்திப் பேசிட்டு இருக்கோம்.

கணக்காச் சொல்றேங்க. ஒரு வண்டில முதல் கியர் விகிதம் 3.0, ரெண்டாவது 1.9னு வச்சுக்குவோம். ரெண்டாவதுல 4000 ஆர்பிஎம்ல போயிட்டிருக்கும்போது முதலுக்கு மிதிச்சா, அதே வேகத்துக்கு இன்ஜின் 6300க்கு மேல சுத்தியாகணும். உங்க கை ஆக்சிலரேட்டரை மூடி வச்சிருக்கு, இன்ஜின் 1400 ஐடிலிங்குக்கு (முறுக்காம சும்மா ஓடுற சுத்துக்கு) இறங்கிட்டிருக்கு. அந்த நிலையில கிளட்சைப் 'படக்'னு விட்டா, இன்ஜினை 6300க்கு ஏத்துற வேலையைப் பின் டயர் செய்யணும். ஈரத் தரையோ மணலோ இருந்தா டயரால முடியாது, இழுத்துட்டுப் போயிரும்.

அதனாலதான் வரிசை இது. பிரேக்கால வேகத்தைக் குறைங்க. கிளட்ச் பிடிங்க. ஒரே ஒரு கியர் இறங்குங்க. கிளட்சை விடுற அந்த நேரத்துல ஆக்சிலரேட்டரை ஒரு துளி, கால் அங்குலம் போதும், திறந்து இன்ஜின் சத்தத்தை மேல கொண்டு வாங்க. அப்புறம் கிளட்சை மெதுவா விடுங்க. பழகினவங்க பிரேக் பிடிச்சுட்டே இதைச் செய்வாங்க. புதுசா ஓட்டுறவங்க ரெண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டாம், பிரேக் முதல்ல, கியர் அப்புறம்.

முதல் கியரை ஓடிட்டிருக்கும்போது போடவே வேண்டாம். 10 கி.மீ.க்குக் கீழ, கிட்டத்தட்ட நிக்கப் போறப்பதான் அது. வேகத்தடைக்கு ரெண்டாவதே போதும்.

செயின் தளர்ச்சியும் பாருங்க. ரெண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் (செயின் ஓடுற பல்சக்கரம்) நடுவுல கீழ்ப்பக்கச் செயினை மேல கீழ ஆட்டினா பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. ஆடணும், சரியான எண் ஸ்விங் ஆர்ம் (பின் வீலைத் தாங்குற கை) ஸ்டிக்கர்லயோ கையேட்டுலயோ இருக்கும். அதுக்கு மேல தொங்கினா ஒவ்வொரு கியருக்கும் செயின் முதல்ல லூஸை வாங்கிட்டுத்தான் இழுக்கும், அந்த 'டடக்'கைக் கியர்பாக்ஸ் சத்தம்னு நினைச்சுக்குவீங்க. பழைய வண்டினா பின் வீல் ஹப்புக்குள்ள இருக்கிற ரப்பர் நசுங்கியிருந்தாலும் இதே உதறல்தான்.

#11 ராயபுரம்_ரைடர்

கிளட்ச் பிடிக்காமலே மேல ஏத்தலாம்னு வீடியோவுல காட்டுறாங்களே? அப்ப கிளட்ச் எதுக்கு இவ்ளோ பேச்சு?

#12 பல்சக்கரம்

ஏற்ற முடியும். ஆக்சிலரேட்டரை ஒரு கணம் மூடும்போது டாக் பல் மேல் இருக்கும் அழுத்தம் விட்டுப் போகிறது. அந்த இமைப்பொழுதில் அடுத்தது நுழையும். குயிக் ஷிஃப்டர் உள்ள வண்டிகள் அந்த வேலையைத் தீப்பொறியைத் துண்டித்துச் செய்கின்றன. பழைய ஜாவா, யெஸ்டி வண்டிகளில் கியர் லீவரை மிதித்தாலே கிளட்ச் தானாகப் பிரியும் ஏற்பாடு இருந்தது. அதே லீவர்தான் கிக்கரும் கூட. அந்த ஏற்பாடு இல்லாத வண்டியில், நேரம் தப்பினால் டாக் பல்லின் முனை உடையும், மழுங்கும். மழுங்கிய டாக், பிறகு முறுக்கும்போது கியரை வெளியே துப்பும். அதைச் சரி செய்ய இன்ஜின் கேஸையே பிளக்க வேண்டும். கற்றுக்கொள்கிற ஆளுக்கு அது வேண்டாத வேலை.

இனி ஆ. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகையில் நியூட்ரலில் விழுவது. டிரம்மின் முனையில் நட்சத்திரம் போல ஒரு தகடு, அதன் பள்ளங்களில் ஸ்பிரிங் அழுத்தும் ஓர் உருளை உட்காரும். ஒவ்வொரு கியருக்கும் ஆழமான பள்ளம். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நியூட்ரலுக்கு மட்டும் ஆழமில்லாத சின்னப் பள்ளம். பாதி பலத்தில் தூக்கினால் உருளை அந்தச் சின்னப் பள்ளத்திலேயே தங்கிவிடும். நியூட்ரல் வேண்டும்போது இதே பாதித் தூக்கல்தான் சரி, இரண்டாவது வேண்டும்போது இதுவே தப்பு.

புதியவர்கள் செய்யும் தப்பு பெரும்பாலும் பலக் குறைவு அல்ல, அவசரம். காலால் ஒரு 'தட்டு' தட்டிவிட்டு எடுத்துவிடுகிறார்கள். லீவரைத் தூக்கி, அது முட்டி நிற்கும் வரை கொண்டுபோய், அங்கேயே பிடித்துக்கொண்டு கிளட்சை விட வேண்டும். கிளட்ச் முழுதாக விட்ட பிறகுதான் கால் இறங்க வேண்டும். கை முந்தி, கால் பிந்தி. மூன்று நான்குக்கு நடுவில் எந்தக் கியரும் விழாமல் நிற்கும் போலி நியூட்ரலும் இந்தப் பழக்கத்தில் நின்றுவிடும். இவ்வளவும் சரியாகச் செய்தும் எப்போதும் ஒரே இரண்டு கியருக்கு நடுவில் மட்டும் விழுந்தால்தான் ஃபோர்க் வளைவு, டாக் தேய்மானம், அந்த உருளையின் ஸ்பிரிங் தளர்ச்சி என்று சந்தேகப்பட வேண்டும்.

ஆக்சிலரேட்டரை மூடாமலே தூக்குவதும் ஒரு காரணம். மூடு, பிடி, தூக்கு, விடு, முறுக்கு. மூடுவதும் பிடிப்பதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்.

#13 ஸ்பானர்12

கால் பேச்சு வந்ததால ஒண்ணு. செருப்பு போட்டு ஒண்ணு கீழே நாலு மேலே வண்டி ஓட்டாதே தம்பி. தூக்குறப்ப கட்டைவிரல்தான் லீவரைத் தாங்கும், வலிக்கும், அதனால பாதியிலயே விட்டுடுவே. ஷூ போடு.

லீவர் உயரமும் பாரு. ஃபுட் ரெஸ்ட்ல கால் வச்சு உட்கார்ந்தா ஷூ முனை லீவருக்கு அடியில நெருக்காம நுழையணும், மேல வச்சா கணுக்காலை வளைக்காம மிதிக்க வரணும். சரியில்லைன்னா லீவர் அடியில இருக்கிற போல்ட்டை (பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பானர்) முழுசாக் கழட்டி, லீவரை ஸ்ப்லைன்ல (தண்டுல வெட்டின பல்வரிசை) இருந்து இழுத்து, ஒரு பல் மேலயோ கீழயோ மாத்தி மாட்டு. ஒரு பல்லுக்கே நுனில நல்ல வித்தியாசம் தெரியும். கம்பி இணைப்பு இருக்கிற வண்டினா கழட்ட வேண்டியதில்லை, கம்பியோட ரெண்டு முனை லாக் நட்டையும் விட்டுட்டு கம்பியைத் திருகினாப் போதும். ஒரு முனைல இடது மரை இருக்கும், தப்பான பக்கம் இறுக்கி மரையைக் கெடுத்துடாதே.

வண்டி இடது பக்கம் விழுந்திருந்தா லீவர் உள்பக்கம் வளைஞ்சு இன்ஜின் கேஸ்ல இடிக்கும். முழு அசைவு கிடைக்காது. கியர்பாக்ஸ் போச்சுன்னு வர்ற வண்டில இது அடிக்கடி.

#14 எட்டுப்போடு

லைசென்ஸுக்கு எட்டு போடப் போறவங்களுக்கும் இதே இழை உதவும், அதனால எழுதுறேன்.

எட்டுக்குள்ள கியர் மாத்தாதீங்க. உள்ள நுழையும் முன்னாடியே முதல் கியரோ ரெண்டாவதோ, எது உங்க வண்டில நிதானமா ஓடுதோ அதுல நிலைச்சிடுங்க. ஆக்சிலரேட்டரை ஒரே அளவுல வச்சுட்டு, வேகத்தைக் கிளட்சாலயும் லேசான பின் பிரேக்காலயும் கட்டுப்படுத்துங்க. முன் பிரேக் வேண்டாம். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது பிடிச்சா வண்டி சாயும், கால் கீழ ஊனிடும்.

அதுக்குப் பயிற்சி: தட்டையான இடம், 20 மீட்டர். முதல் கியர். ஆக்சிலரேட்டரைத் தொடாம கிளட்சை மட்டும் மெல்ல விடுங்க. எங்கே வண்டி நகர ஆரம்பிக்குதோ அந்தப் புள்ளில விரலை நிறுத்தி ரெண்டு நொடி அப்படியே வைங்க, பிறகு மிச்சத்தை விடுங்க. 20 தடவை. வண்டி ஆஃப் ஆகிறது பெரும்பாலும் நகர ஆரம்பிச்சதும் மிச்சத்தைப் 'பொசுக்'னு விடுறதாலதான். புள்ளி பிடிபட்டதும் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் சேர்த்து 20 தடவை.

#15 கொண்டைஊசி

அந்தப் புள்ளி பிடிபட்டா மேடும் சுலபங்க. மேட்டுல நின்னு கிளம்பறதுக்கு: இடது கால் தரையில, வலது கால் பின் பிரேக்குல. முதல் கியர். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திறந்து, கிளட்சைப் புள்ளி வரைக்கும் விடுங்க. வண்டியோட பின்பக்கம் லேசா அமுங்கி இன்ஜின் சத்தம் கொஞ்சம் இறங்கும். அப்ப பிரேக்கை விடுங்க, பின்னால உருளாது. பிரேக்கை முதல்ல விட்டுட்டுக் கிளட்சைத் தேடறவங்கதான் பின்னால நிக்கிற கார்ல போய் மோதறது.

இறங்கும்போது நியூட்ரல் போட்டு உருட்டாதீங்க. கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு. அதுல நியூட்ரல்ல இறங்கினா மொத்தச் சுமையும் பிரேக் மேல, லைனிங் சூடேறிப் பிடி குறைஞ்சுடும். எந்தக் கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க, பெரும்பாலும் ரெண்டாவது. வளைவுக்குள்ள கியர் மாத்தாதீங்க. நேர் ரோட்டுலயே மாத்திட்டு உள்ள போங்க.

#16 பல்சக்கரம்

புதுவண்டி, உங்கள் கேள்வியில் ஒரு வரியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டோம். 'நாலு கியரும் முன்னால் மிதிக்கிற வண்டி.' அதுதான் ஈ-க்கு வேர் என்று நினைக்கிறேன்.

ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் முன்னால் மிதித்தால் கியர் ஏறும், குதிகாலால் மிதித்தால் இறங்கும். உங்கள் இப்போதைய வண்டியில் முன்னால் மிதித்தால் இறங்கும். மூன்றாவதில் 45இல் போகும்போது பழைய பழக்கத்தில் கால் 'ஏற்று' என்று மிதித்தால் இரண்டாவது விழும். பின் டயர் இழுப்பதற்கு அது ஒன்றே போதும். பழைய புல்லட்டிலிருந்து மாறுகிறவர்களுக்கு இன்னும் மோசம். அதில் கியர் வலது காலில், ஒன்று மேலே மூன்று கீழே, பிரேக் இடது காலில்.

மருந்து சலிப்பானது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜின் ஆஃப். இடது கையால் கிளட்ச், இடது காலால் கியர், பின் வீலை இன்னொருவர் கையால் சுற்றிக் கொடுக்க, ஒன்றிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து ஒன்று. விரல் செயினுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவில் போகாமல் டயரைப் பிடித்துச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு கியரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தினம் பத்துத் தடவை, ஒரு வாரம். ரோட்டில் ஏறிய பிறகு கால் யோசிக்காது.

வீட்டில் இரண்டு விதமான வண்டியும் இருந்தால், முதல் மாதம் ஒன்றை மட்டும் எடுங்கள்.

#17 புதுவண்டி_சேலம்

15 மி.மீ.க்குக் கொண்டு வந்துட்டேன். பிரேக் சோதனைல இன்ஜின் இப்ப திணறலை. முதல் கியர் போட்டா சின்னதா 'டக்', குதிப்பு இல்லை. ரெண்டாவது இப்ப விழுது, காலைப் பிடிச்சு வச்சா.

நியூட்ரல் மட்டும் பத்துக்கு நாலு தடவை தப்புது. அப்புறம் சிக்னல்ல கிளட்சைப் பிடிச்சுட்டே முதல் கியர்ல நிக்கலாமா, நியூட்ரல் போடணுமா?

#18 ஈரக்கிளட்ச்

நியூட்ரலை நின்ற பிறகு தேடாதீர்கள். சிக்னலுக்கு வரும்போது இரண்டாவதில் இருங்கள். கிளட்ச் பிடித்து, வண்டி நடை வேகத்தில் உருளும்போதே முனையால் மிக லேசாக, பாதி மிதி. உள்ளே சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருப்பதால் டாக் சுலபமாக வெளியே வரும். நின்றுவிட்டீர்கள், முதல் கியரில் மாட்டிக்கொண்டீர்கள் என்றால், கிளட்சைப் புள்ளியின் விளிம்பு வரை விட்டு உடனே பிடித்துக்கொண்டே லேசாகத் தூக்குங்கள். சில கவாசாகி வண்டிகளில் நின்ற நிலையில் முதல் கியரிலிருந்து தூக்கினால் நியூட்ரலைத் தாண்டவே விடாத ஏற்பாடு உள்ளே உண்டு; மற்றவர்களுக்குக் கால்தான் கதி.

மீட்டரில் எரியும் நியூட்ரல் விளக்கை மட்டும் நம்பாதீர்கள். பச்சை எரிந்தாலும் கிளட்சை மெதுவாக விடுங்கள். இரண்டு விரல் லீவரிலேயே இருக்கட்டும்.

#19 ராயபுரம்_ரைடர்

முதல் கியர்லயே நில்லுங்க, பின்னால எவனாவது பிரேக் இல்லாம வந்தா நகர்ந்துக்கலாம். நியூட்ரல்ல நின்னா அந்த நேரத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

#20 ஸ்பானர்12

ராயபுரம் சொல்றது முதல் சில நொடிக்குச் சரி. பின்னால ஒரு வண்டி வந்து நிக்கிற வரைக்கும் முதல் கியர், கண்ணாடியில கண். அது நின்னதும் நியூட்ரல். 60 நொடி, 90 நொடி சிக்னல்ல கிளட்சைப் பிடிச்சே நின்னா கை நோகும், நோகுற கை தானா பாதி விடும், பாதி விட்ட கிளட்ச் உரசும். சிக்னல் கவுண்டர்ல 5 வந்ததும் கிளட்ச் பிடிச்சு முதல் கியர் போடு.

பத்துக்கு நாலு தப்புறது கால்தான், வண்டி இல்லை. முதல் சர்வீஸ்ல ஆயில் மாத்தினதும் இன்னும் குறையும். ஐடிலிங் 1400 பக்கம் இருக்கான்னும் அங்கேயே பார்க்கச் சொல்லு. அதிகமா இருந்தா டொக் சத்தம் மறுபடி வரும். கேபிளை 200, 300 கி.மீ. கழிச்சு மறுபடி அளந்து போடு, இன்னும் கொஞ்சம் நீளும்.

#21 புதுவண்டி_சேலம்

சரிண்ணா. சர்வீஸ் முடிஞ்சதும் ஃப்ரீ ப்ளேயும் ஐடிலிங்கும் எவ்வளவுன்னு இங்கயே போடுறேன்.